‘அதெல்லாம் எதுக்கும்மா இப்போ’ என்கிற அப்பாவுக்கு எப்படி நன்றி சொல்வது?

கேள்வி:

எனக்கு 48 வயது. ஓசூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். பிறந்த ஊர் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். அப்பா பட்டுத் தறி நெய்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், என்னை எம்.காம். வரை படிக்க வைத்தார். ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு, தார் சுத்தவாவது உக்கார வை’ (தார் சுற்றுவது என்றால் நெய்வதற்கான நூலைச் சின்னக் குழலில் சுற்றுவது) என்று தெருவே சொன்னபோது காதிலேயே வாங்கிக்கொள்ளாதவர். நான் பத்தாவது படிக்கும்போது வீட்டில் ஒரே ஒரு குண்டு பல்பு, அதுவும் தறிக்கு மேலேதான் தொங்கும். ராத்திரி ஆனால் அதன் ஒயரை இழுத்து ஆணியில் மாட்டி, வெளிச்சம் என் பக்கம் விழும்படி செய்துவிட்டு, அரை இருட்டில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருப்பார். சனிக்கிழமை கூலி வாங்கி வரும்போது பக்கோடா வாங்கி வருவார். தின்று முடித்ததும் அந்த எண்ணெய்த் தாளை நீவிக் கொடுத்து, ‘இதுல என்ன போட்டிருக்கான், படி பாப்பா’ என்பார். நான் பேப்பர் படிக்கப் பழகியதே அப்படித்தான். என் கல்யாணப் புடவையும் அப்பா நெய்ததுதான். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, கோர்வை. இன்றும் பீரோவில் இருக்கிறது.

அவருக்கு வருகிற ஆவணியில் எண்பது நிறைகிறது. மண்டபம் பிடித்துவிட்டேன். மேடையில் எல்லார் முன்பும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஆசை. ஆனால் வீட்டில் பேச்சை எடுத்தாலே, ‘அதெல்லாம் எதுக்கும்மா இப்போ’ என்கிறார். ‘என்னைத் தறியில உக்கார வைக்காம படிக்க வெச்சீங்களே’ என்று ஆரம்பித்தால் முகமே மாறி, எழுந்து வெளியே போய்விடுகிறார். அண்ணனுக்கு 54 வயது. ஐந்தாம் வகுப்போடு தறிக்கு வந்தவர், இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. விழாவுக்குத் தன் பங்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ‘மேடைக்கெல்லாம் என்னைக் கூப்பிடாத. உனக்குக் கெடச்ச அப்பா வேற, எனக்குக் கெடச்ச அப்பா வேற’ என்று சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்குக் காதும் சரியாகக் கேட்பதில்லை. மெஷின் வாங்கிக் கொடுத்தேன், போட்டுக்கொள்வதில்லை. அவர் இருக்கும்போதே என் மனசில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். மேடையில் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்று எழுதிக் கொடுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதியவர்களோடும் அவர்களுடைய பிள்ளைகளோடும் பேசுவதுதான் என் தொழில். அப்பாவைப் பற்றி எனக்கு ஒரு கடிதம் வந்தால் பெரும்பாலும் சொத்துத் தகராறு, குடி, ஐம்பது வயதிலும் ஆறாத அடி, இப்படித்தான் இருக்கும். உங்கள் கடிதத்தை அதனாலேயே ஆற அமரப் படித்தேன். பக்கோடாத் தாளை நீவிப் பிள்ளைக்குப் படிக்கக் கொடுத்த மனுஷரை யாருக்குத்தான் பிடிக்காது.

ஆனால் மேடைப் பேச்சை நான் எழுதித் தரப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மேடையில் நன்றி சொல்லவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

சின்னக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காது. வயதால் வருகிற மந்தத்தில் முதலில் போவது மேல் ஸ்தாயி ஒலிகள். அதனால்தான் பெரியவர்கள் ‘சத்தம் கேக்குது, சொல்றது புரியல’ என்பார்கள். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் இதில் கூடுதலாக அடிபடும். கல்யாண மண்டபத்தின் எதிரொலி, ஸ்பீக்கர், பந்திப் பாத்திரச் சத்தம், ஊர்க்கதை பேசுகிற நாற்காலிகள், இத்தனைக்கும் நடுவில் நீங்கள் தொண்டை அடைக்கப் பேசுவீர்கள், கூட்டம் கைதட்டும், அப்பா பக்கத்தில் இருப்பவரிடம் ‘பாப்பா என்னா சொல்லுது’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். வீடியோவில் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பெரிய காரணம் வேறு. அந்தத் தலைமுறை ஆண்களுக்குப் பாராட்டைக் கேட்டு உட்கார்ந்திருக்கத் தெரியாது, கூச்சம், அதனால்தான் பேச்சை மாற்றுகிறார் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஓரளவுக்கு உண்மையும் கூட. ஆனால் கூச்சம் மட்டும்தான் என்றால் மனுஷர் எந்தப் புகழ்ச்சிக்கும் ஒரே மாதிரி நெளிவார். உங்கள் அப்பா அப்படி இல்லையே, ஒரு குறிப்பிட்ட பேச்சை எடுத்தால்தான் முகம் மாறி எழுந்து போகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தறியில் உட்கார வைக்காத பிள்ளை வந்து எதிரே நின்று நன்றி சொல்லும்போது, உட்கார வைத்த பிள்ளை அவர் மனசில் வந்து நிற்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இங்கே கொஞ்சம் தறிக்கதை பேச வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஓடுகிற ஊடை (பாவு என்கிற நெடுக்கு நூலுக்குக் குறுக்கே ஓடுகிற நூல்) வேறு, கரைக்கு ஓடுகிற ஊடை வேறு, இரண்டும் சேருகிற இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டே வர வேண்டும். அதற்கு மூன்று நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற ஓடம்) வேண்டும், உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. குழிக்குள் காலை வைத்து நெய்கிற பழைய குழித்தறியில் ஒற்றை ஆள் இதைச் செய்வது பெரும்பாடு, ஆகவே நெய்கிறவருக்குப் பக்கத்தில், கரை ஓரமாக, அந்த நாடாவைத் தள்ளித் தர இன்னொரு ஆள் உட்கார்ந்தாக வேண்டும். வெளியாளை வைத்தால் புடவைக்குக் கிடைக்கிற கூலியில் அவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும், மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதனால் அந்த இடத்தில் மனைவி உட்காருவார், இல்லாவிட்டால் பிள்ளை உட்காருவான். தலைமுறை தலைமுறையாக அங்கே உட்கார்ந்தது பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

உங்கள் கல்யாணப் புடவை கோர்வை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா நெய்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தது யார்?

எனக்கு விடை தெரியாது. அம்மாவாக இருக்கலாம் (கடிதம் முழுக்க அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதை இன்னொரு சமயம் பேசுவோம்). ஆனால் அந்தக் காலத்தில் அண்ணன் நல்ல தேர்ந்த தறிக்காரர், ஒரே கூரையின் கீழ் இருந்திருப்பார். அவராகத்தான் இருக்கும் என்று என் ஊகம். அப்படி என்றால் நீங்கள் இத்தனை வருஷமாக அப்பாவின் அன்புக்கு அடையாளமாகப் பீரோவில் பத்திரப்படுத்தி வைத்திருப்பதில் அண்ணனுடைய கையும் இருக்கிறது. ‘அப்பா நெய்த புடவை’ என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அண்ணன் சொன்னதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை, அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். மூத்த பிள்ளைக்கு அப்பாவானபோது உங்கள் அப்பாவுக்கு இருபத்தைந்து வயது. கல்யாணக் கடன், தறிக் கடன், மாஸ்டர் வீவரிடம் (நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கிறவர்) வாங்கிய முன்பணம் என்று எது கழுத்தை நெரித்துக்கொண்டிருந்ததோ. மகனுக்குப் பத்து வயது ஆனபோது அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது, அவன் இருந்தான். உங்களுக்குப் பத்து வயது ஆனபோது அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்திருந்ததால்தான் நீங்கள் உட்காராமல் இருக்க முடிந்தது. அப்பாவுடைய நல்ல மனசை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பெண் பிள்ளையைத் தார் சுற்றக்கூட விடாமல், அந்த வேலையையும் தானே இருட்டில் உட்கார்ந்து செய்தார் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை, எத்தனையோ வீடுகளில் அண்ணனையும் தங்கையையும் சேர்த்தே தறியில் உட்கார வைத்தார்கள். அவருக்கு மனசு இருந்தது, ஒரு பிள்ளைக்கு மட்டும் அதைச் செய்ய வழி கிடைத்தது.

காலமும் கொஞ்சம் கைகொடுத்தது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த காலத்தில்தான், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. காமராஜர் காலத்து மதிய உணவு அதற்கு முன்பே இருந்தது, ஆனால் அது பெரிதாக விரிந்தது அப்போதுதான். ஏழைக் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு பள்ளியில் கிடைப்பது என்றால் என்ன என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுப்பாருங்கள், கணக்குப் போட்டே சொல்வார். சட்டம் அதற்கும் பிறகுதான் வந்தது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்து, பிள்ளைகளை விடக்கூடாத வேலைகளின் பட்டியலில் நெசவையும் சேர்த்தது, கூடவே குடும்பத்தோடு சேர்ந்து நடத்துகிற தறிக்கு விலக்கும் கொடுத்தது. ஆகவே அண்ணனை உட்கார வைத்தபோது ஊர், உறவு, சட்டம் எதுவுமே அப்பாவைத் தப்பு என்று சொல்லியிருக்காது. இருந்தும் அவருக்கு உள்ளே உறுத்துகிறது என்றால் அதுவும் அவருடைய நல்ல மனசுதான்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் அண்ணனிடம் போங்கள். போனில் வேண்டாம், நேரில். அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது சின்னது: ‘அண்ணா, நீ தறியில உக்காந்ததாலதான் நான் பள்ளிக்கூடம் போனேன். இத நான் ஒருநாளும் உன்கிட்ட சொன்னதில்ல.’ இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘அப்பாவும் பாவம் என்ன செய்வார்’ என்று ஒட்டிவிடாதீர்கள், அதைச் சேர்த்த நிமிஷமே நன்றி போய் சமாதானத் தூது ஆகிவிடும். அப்பாவுக்காக வக்கீல் வேலை பார்க்கப் போகவில்லை நீங்கள், உங்கள் கணக்கில் இருக்கும் ஒரு பாக்கியைச் சொல்லப் போகிறீர்கள். அவர் ஒன்றும் பேசாமல் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பலாம், நாற்பது வருஷத்துக் கோபத்தைக் கொட்டவும் செய்யலாம். கொட்டினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதைக் கேட்பதால் உங்களுடைய அப்பா உங்களிடமிருந்து பறிபோய்விட மாட்டார். உங்கள் நினைவில் இருக்கிற அந்த மனுஷரும் நிஜம், அண்ணன் நினைவில் இருப்பவரும் நிஜம், இரண்டு பேரையும் ஒரே ஆளாக ஒட்டவைக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

அப்புறம் அப்பா. அவரிடம் சொல்லத் தொடங்காதீர்கள், கேட்கத் தொடங்குங்கள். வயதானவர்கள் பழைய கதையையே திரும்பத் திரும்பப் பேசுவதை மூளை தளர்ந்ததன் அறிகுறி என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் அதை மறுத்து எழுதினார். தான் வாழ்ந்ததை எடுத்து வைத்துப் பார்த்து, கணக்குத் தீர்க்கிற வேலை அது, முதுமையில் இயல்பாக நடப்பது என்றார். முதியோரோடு வேலை செய்கிற எங்களுக்கெல்லாம் அந்தக் கட்டுரை ஓர் அடிப்படை. உங்கள் அப்பா கணக்குப் பார்க்கும்போது அதில் வரவும் இருக்கும், பற்றும் இருக்கும். நீங்கள் நன்றி என்று சொல்லி வரவுப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டுகிறீர்கள். அவர் எழுந்து போகிறார்.

அந்தக் கல்யாணப் புடவையை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போங்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, அவர் மடியில் விரித்துப் போடுங்கள். (பல வருஷமாக ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த மடிப்பிலேயே உடையும், திரும்ப வைக்கும்போது மாற்றி மடித்து வையுங்கள்.) நெசவாளர் கையில் புடவையைக் கொடுத்தால் முந்தானையைப் பார்க்க மாட்டார், திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பார், கோர்வை சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவுவார். ‘இங்க பாரு, ஒரு இழை இழுத்துக்கிச்சு’ என்று நீங்கள் இதுவரை கண்டுபிடிக்காத குறையை அவரே காட்டுவார். அதுதான் தொடக்கம். அங்கிருந்து கேளுங்கள். ‘இந்தப் பாவு எங்க வாங்குனீங்க? எத்தனை நாள் ஆச்சு? மழையில குழியில தண்ணி ஏறுச்சா? இந்தக் கரைக்குப் பக்கத்துல யாருப்பா உக்காந்தது?’ கடைசிக் கேள்வியைச் சாதாரணமாகக் கேளுங்கள், குரலை மாற்றாதீர்கள். அவர் சொல்வார், அல்லது சொல்லாமல் மழையைப் பற்றிப் பேசுவார். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எண்பது வயதுக்காரரை விசாரணைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

ஒன்று கவனத்தில் இருக்கட்டும். வயதானவர்களுக்கு மிக அடர்த்தியாக ஞாபகம் வருவது ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவை. இது நினைவாற்றல் ஆராய்ச்சியில் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். உங்கள் அப்பா விஷயத்தில் அது அவர் தறி பழகிய காலம், முதல் கூலி, கல்யாணம், மகன் பிறந்தது. நீங்கள் பத்தாவது படித்தபோது அவர் நாற்பதைத் தாண்டியவர். ஆகவே நீங்கள் பொக்கிஷமாக வைத்திருக்கிற பல்பு வெளிச்சம் அவருக்கு நினைவே இல்லாமல் போகலாம், ‘அப்படியா செஞ்சேன்?’ என்று கேட்கலாம். மனசு உடைந்துவிடாதீர்கள். தினசரி செய்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதைப் பெற்றவர்களுக்குத்தான் இருக்கும். அப்போது நீங்கள் அந்த இரவைச் சொல்லுங்கள். பல்பு எவ்வளவு உயரத்தில் தொங்கியது, ஆணி எந்தச் சுவரில், ராட்டைச் சத்தம் எப்படி இருக்கும், தூங்கி விழுந்தால் அவர் என்ன சொல்வார் என்று நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். ‘நீங்கதான் எனக்குத் தெய்வம்’ என்பது மாதிரி பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். மனுஷரைச் சாமியாக்கிவிட்டால் அவருக்கு நெளிவதைத் தவிர வேறு வழி இருக்காது. ‘நீங்க இருட்டுல உக்காந்து தார் சுத்துனீங்கப்பா, எனக்கு மறக்கல’ என்றால் அவர் மறுக்க ஒன்றுமில்லை. நடந்ததுதானே.

வார்த்தை சரியாக வருமா என்ற கவலைதான் என்னிடம் எழுதிக் கேட்க வைத்தது என்று நினைக்கிறேன். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்கு நல்லது செய்தவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அது எப்படிப் போய்ச் சேரும் என்று எழுதியவர்களை ஊகிக்கச் சொன்னார்கள், பிறகு வாங்கியவர்களையும் கேட்டார்கள். பெற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் தேவைக்கு மேல் பயந்திருந்தார்கள், அவர்கள் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். எழுதியவர்களின் கவலை தங்கள் நடை சரியாக இருக்கிறதா என்பதில், பெற்றவர்கள் பார்த்தது அதிலிருந்த அன்பை. இது அமெரிக்காவில் செய்த ஆய்வு, பிள்ளையார்பாளையத்துத் திண்ணைக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என் அறைக்கு வருகிற குடும்பங்களிலும் இதைத்தான் பார்க்கிறேன். சொல்கிறவர் படுகிற பாடு கேட்கிறவருக்கு இருப்பதில்லை.

ஒரே தடவையில் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். 2005இல் மார்ட்டின் செலிக்மேன் குழுவினர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. நன்றிக் கடிதம் எழுதி, உரியவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்கு மனநிறைவு நன்றாகவே கூடியது, ஒரு மாதம் கழித்தும் தெரிந்தது, அதற்குப் பிறகு போகப்போகப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும் அது ஒரே ஒரு தடவை போய் வந்ததற்கு. ஆவணியில் மேடையில் ஒரு முறை அழுது முடிப்பதைவிட, மாதம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது ஒரே ஒரு பழைய விஷயத்தை எடுத்துப் பேசுவது உங்களுக்கும் நல்லது, அவருக்கும் தாங்கும். அவர் ‘அதெல்லாம் எதுக்கும்மா இப்போ’ என்று சொன்னால் சொல்லட்டும், எழுந்து போகாமல் உட்கார்ந்து சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள். உட்கார்ந்திருந்தால் வாங்கிக்கொள்கிறார் என்று அர்த்தம். கண்ணீர் வரவழைத்துப் பார்க்கிற ஆசை நம் எல்லோருக்கும் இருக்கிறது, டிவி நிகழ்ச்சிகள் பழக்கிவிட்ட ஆசை, அது இந்த வீட்டில் வேண்டாம்.

அவரிடம் ஏதாவது கேட்டு வாங்குங்கள் என்றும் சொல்வேன். கொடுத்தே பழகிய கை அது. எண்பது வயதில் எல்லோரும் அவருக்குச் செய்கிறார்கள், மருந்து, மெஷின், விழா, புது வேட்டி, அவர் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. இது மரியாதை மாதிரித் தெரியும், உள்ளே வேறு மாதிரி வேலை செய்யும். உங்கள் பிள்ளைகளுக்குப் பட்டு எது, பாலியெஸ்டர் எது என்று இழையை எரித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் புடவை வாங்கப் போகும்போது கடைக்கு அழைத்துப் போய், கோர்வையா இல்லையா பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கடைக்காரர் நெளிவார், அப்பாவுக்கு அன்றைக்கு முழுக்கப் பேச விஷயம் கிடைக்கும். உங்கள் செலவுக்கு அவர் நூறு ரூபாய் கொடுத்தால், வங்கி அதிகாரிக்கு எதற்கு என்று மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

காது மெஷின் விஷயத்தில் ஒரு வார்த்தை. வாங்கிக் கொடுத்த முதல் வாரமே டிராயருக்குள் போய்விடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது, அவருடைய பிடிவாதம் மட்டும் இல்லை. பல வருஷம் கேட்காமல் இருந்த ஒலியெல்லாம் திடீரென்று உள்ளே வந்தால் மூளைக்குப் பழக நாளாகும். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு மெஷினைக் கொடுத்த இடத்துக்கே அவரை அழைத்துப் போய், அவர் சொல்கிற குறைக்கு ஏற்ப ஒலி அளவை மாற்றி அமைக்கச் சொல்லுங்கள், அதற்கு ஒரு தடவை போனால் போதாது. வீட்டில் முதலில் கொஞ்ச நேரம், டிவி ஓடாத அறையில், ஒருவர் மட்டும் எதிரில் உட்கார்ந்து பேசும்போது போட்டுப் பழகட்டும். கத்தாதீர்கள், கத்தினால் சொல் இன்னும் சிதையும். முகம் தெரிய உட்கார்ந்து, நிதானமாக, குரலின் ஸ்தாயியைக் கொஞ்சம் தாழ்த்திப் பேசுங்கள், சத்தத்தைக் குறைக்க வேண்டாம். ஆவணி விழாவுக்கு நேரே முதல் தடவை போட்டுக்கொண்டு வந்தால் அரை மணி நேரத்தில் கழற்றிப் பையில் போட்டுவிடுவார், இப்போதே தொடங்குங்கள்.

மண்டபம் பிடித்தாகிவிட்டது, இருக்கட்டும். வருகிறவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போடுங்கள், அப்பாவோடு தறி நெய்தவர்களில் இருக்கிறவர்களைத் தேடிப்பிடித்து அழைத்து வந்து அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவரை ஸ்பீக்கர் பெட்டிக்குத் தள்ளி உட்கார வையுங்கள், மெல்லிசைக் குழு ஏதாவது சொல்லியிருந்தால் அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேடையில் நீங்கள் பேசுவது வந்தவர்களுக்கு வரவேற்பாக இருந்தால் போதும். அண்ணனை மேடைக்கு இழுக்காதீர்கள். அவர் பந்தியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் அதையே பார்க்கட்டும், அவராக வந்து நின்றால் மைக்கை நீட்டிவிடாதீர்கள், சும்மா நிற்கட்டும்.

புடவையோடு ஊருக்குப் போவதற்கு ஆவணி வரை காத்திருக்க வேண்டாம். ஓசூரிலிருந்து எத்தனையோ பஸ் இருக்கிறது. அண்ணனுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இல்லை என்று முதலில் கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.